மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை

நல்ல சப்பாத்து வாங்குவதில் நான் ஒருநாளும் கஞ்சத்தனம் பார்த்ததில்லை. நாள்தோறும் நடக்கிறவன் காலைக் கவனிக்காவிட்டால் முழங்கால் போய்விடும். அது இருக்கட்டும். நீங்கள் கேட்டபடி நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே சொல்கிறேன். எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

என் பெயர் பெனடிக்ற். தபால் தரம்பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின், லண்டன் சட்டனில் எங்கள் தெருவுக்குப் பின்னால் போகும் ஆற்றங்கரைப் பாதையைப் பராமரிக்கும் தொண்டர் குழுவில் சேர்ந்தேன். கவுன்சில் எனக்கு ஒரு மஞ்சள் மேலங்கி தந்தது. புல்வெட்டும் வண்டி உள்ளே வருவதற்காக ஓர் இரும்புக் கேற் உண்டு. அதன் பூட்டுக்கான திறப்பையும் தந்தது. பாதையின் இரு முனைகளிலும் ஒரே அறிவிப்புப் பலகைதான்: மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. அதை எழுதியவன் நானல்ல. ஆனால் வாசித்தவன் நான் ஒருவன்தானோ என்று சிலவேளை தோன்றும்.

நான் கடுமையான ஆள் இல்லை. ஒரு சின்னப் பிள்ளை பற்றரியில் ஓடும் பொம்மைக் காரில் ஏறி வந்தபோது, பற்றரியைக் கழற்றித் தாயின் கையில் மரியாதையாகக் கொடுத்தேன். மோட்டார் பூட்டிய சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் வந்தார். அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, பாதை முடியும்வரை நானே தள்ளிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போதும் தள்ளினேன். அவர் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. வந்திருந்தால் மறுபடியும் தள்ளியிருப்பேன்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு கோடையில்தான் சவிரிமுத்து வந்து சேர்ந்தார். மன்னார்க்காரர். பாரிசில் நெடுங்காலம் உணவகச் சமையலறைகளில் நின்றவர். மகள் ஏஞ்சலா லண்டனில் மணமுடித்ததால் மனைவி எமில்டாவோடு இங்கே வந்துவிட்டார். நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்த உடம்பு. அவர்கள் வீடு மேட்டில், மாதா கோவில் ஆற்றோரப் பள்ளத்தில். இடையில் எங்கள் பாதை. போவது சுகம், திரும்பி ஏறுவதுதான் வில்லங்கம். மருமகன் பார்த்துவிட்டு அவருக்கு ஒரு மின்சைக்கிள் வாங்கிக் கொடுத்தான்.

பீடத்துக்குப் பூவை முன்கூடையில் வைத்துக்கொண்டு, எதிர்ப்படுகிற எல்லோருக்கும் பிரெஞ்சில் ‘பொன்சூர்’ என்று வணக்கம் சொல்லிக்கொண்டு போவார். நாயோடு நடக்க வருகிற ஆங்கிலேயர்கள் சில வாரங்களிலேயே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்கள். என்னை அவர்கள் இன்றுவரை ‘அந்த மஞ்சள் அங்கி’ என்றுதான் சொல்வதாகக் கேள்வி. எனக்கு அதில் மனக்குறை இல்லை. உங்கள் குறிப்பில் இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

ஒருநாள் மறித்துச் சொன்னேன்.

“சவிரி, இதிலை மோட்டார் இருக்கு. பாதைக்குள்ளை கொண்டுவர ஏலாது.”

“என்னண்ணை சொல்லுறியள்? பெடல் இருக்கு, மணி இருக்கு. பிரான்சிலை இதைச் சைக்கிள் எண்டுதான் சொல்லுறவை.”

“பெடல் இருந்தாச் சைக்கிள் எண்டால் தையல் மெசினும் சைக்கிள்தான்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “அப்ப எமில்டா கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து சைக்கிள் ஓடுறா” என்றார். பிறகு, ஏதோ என் சந்தேகத்தைத் தீர்ப்பவர்போல, இருக்கைக்குப் பின்னால் இருந்த பற்றரிப் பெட்டியைத் திறந்து காட்டினார். “பாருங்கோ, இந்தச் சின்ன பியூஸ் இல்லையெண்டால் இது வெறும் இரும்பு. சும்மா சைக்கிளை விடப் பாவம்.”

விடயத்தைக் குழுக் கூட்டத்தில் முறைப்படி கொண்டுபோனேன். தலைவி முன்னாள் ஆசிரியை. அந்த வகை வண்டியைச் சட்டம் சைக்கிளாகவே கொள்கிறது என்றார். அந்த மனிதர் நம் எல்லோரையும்விட மெதுவாகத்தான் போகிறார் என்றும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். வாக்கெடுப்பில் என் பக்கம் என் கை மட்டும்தான் இருந்தது. தோல்வியை ஏற்றுக்கொண்டேன், ஜனநாயகத்தில் நம்பிக்கையுள்ளவன் நான். அது சைக்கிள்தான் என்று கூட்டம் தீர்மானித்துவிட்டது. சரி, அப்படியானால் சைக்கிளாகவே ஓடட்டும் என்று நினைத்தேன். கூட்டத்தின் முடிவை நான் நிறைவேற்றினேன் என்றுகூட நீங்கள் எழுதலாம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து சனம் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, வெளியே போய் அந்த பியூசைக் கழற்றினேன். வேறெதையும் தொடவில்லை.

சவிரிமுத்து வந்து மோட்டார் ஆளியைத் தட்டிப் பார்த்தார். “அண்ணை, வண்டி செத்துப் போச்சு.”

“பெடல் இருக்குத்தானே” என்றேன்.

அவர் பஸ்ஸில் போயிருக்கலாம். மகளைக் கூப்பிட்டிருக்கலாம். “எமில்டா நண்டு வச்சிருக்கிறா, ஆறிப் போகும்” என்று சொல்லி ஏறி மிதித்தார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. பற்றரியோடு சேர்த்து அது நல்ல பாரமான வண்டி. நான் பின்னால் நடந்தேன். ஏற்றம் தொடங்கியதும் அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. சங்கடமான சத்தம்தான். ஆனால் அவர் அந்தப் பாதையை நேர்மையாகப் பாவித்தது அன்றுதான். அதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது.

“அண்ணை, ஒருக்கா பின்னாலை தள்ளி விடுங்கோவன்.”

“மெள்ள மெள்ளப் போங்கோ, சவிரி. டொக்டர் எக்சசைஸ் செய்யச் சொன்னவர்தானே.”

ஏற்றத்தின் பாதியில் சரிந்தார். பூக்கூடை உருண்டு போனது. என் மேலங்கியை மடித்துத் தலைக்குக் கீழே வைத்தேன். அம்புலன்சைக் கூப்பிட்டதும் நான்தான்; ஒலிப்பதிவில் என் குரல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள்.

பிறகு அவர்களை எதிர்கொள்ளக் கேற்றடிக்கு ஓடினேன். அம்புலன்ஸ் விரைவாக வந்தது. அதில் வந்த பெண் கேற்றைத் திறக்கச் சொன்னார். சவிரிமுத்து கிடந்த இடம் அங்கிருந்து நடையில் நல்ல தூரம். திறப்பு கவுன்சிலுடையது என்றேன். அது உண்மை. அது யாரிடம் இருக்கிறது என்று அவர் அப்போது கேட்கவில்லை. பிறகு கவுன்சிலில் விசாரித்திருக்கிறார்; அதனால்தான் நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். அவர்கள் பெட்டிகளையும் தூக்குப்படுக்கையையும் சுமந்துகொண்டு ஓடினார்கள். மர வேர்களில் இடறாதபடி நான் முன்னால் ஓடி வழிகாட்டினேன். போய்ச் சேர்ந்தபோது சவிரிமுத்து முடிந்துவிட்டார்.

ஓம். பியூசைக் கழற்றியது நான். திறப்பு என் காற்சட்டைப் பையில் இருந்தது. திறந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று வைத்தியர்கள் சொல்வதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். ஆனால் பலகையில் அம்புலன்ஸ் தவிர என்று எழுதியிருக்கவில்லை. இன்று அம்புலன்சை விட்டால் நாளைக்குப் பால் வண்டி வரும்.

எமில்டா என்மேல் கோபமாக இருப்பார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அன்று பின்னேரம் அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “அந்த நேரம் நீங்களாவது பக்கத்திலை நிண்டீங்களே அண்ணை” என்று அழுதார். சைக்கிளை வீட்டில் கொண்டுவந்து சேர்த்ததற்கும் நன்றி சொன்னார்.

சைக்கிளைப் பற்றியும் கேட்டீர்கள். சவிரிமுத்துவைக் கொண்டுபோன பிறகு அது ஏற்றத்தில் கிடந்தது. மோட்டார் பூட்டிய ஒரு பொருளை அந்தப் பாதையில் அப்படியே விட்டுவிட்டு வர என்னால் முடியாது. தள்ளிப் பார்த்தேன்; என் வயதுக்கு அது ஏலாத பாரம். ஆகவே பியூசைப் போட்டு ஏறினேன், ஏற்றம் முடியும்வரைக்கும் மட்டும். மேலே போனபின் பாதை சமதரை. காற்று முகத்தில் குளிர்ச்சியாகப் பட்டது. இறங்க வேண்டும் என்று எனக்கு நினைவு வரவில்லை. நாயோடு வந்த இரண்டு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர்களுக்கு நான் பொன்சூர் சொன்னதாக அவர்கள் கொடுத்த சாட்சியம் சரிதான்.

ஆனால் கீழே கோவிலடிவரை போய் மறுபடியும் ஒருமுறை ஏறி வந்தது, பாதையில் வேறு வாகனம் ஏதும் நிற்கிறதா என்று பார்க்கத்தான்.