எண்ணெய் பம்பு இல்லாத கார்

பதுளையிலிருந்து மடுல்சீமைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவரின் மடியில் ஓர் எண்ணெய்க் கேன்.

“எண்ணெய் பம்பையே கழட்டிட்டேன் மச்சான்,” என்றார் அவர்.

“பம்பு இல்லாம வண்டி எப்படி ஓடும்?”

“நம்ம கார் ரோட்டரி எஞ்சின். சுத்துற எடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா எண்ணெய் போய்க்கிட்டே இருக்கணும். அதை அனுப்புற சின்னப் பம்பு பழசாயிருச்சு. இப்ப புல்லு வெட்டுற மெஷினுக்குக் கலக்குற மாதிரி பெட்ரோல்லயே கலந்து ஊத்துறேன். புகைய கொறைக்க வச்சிருந்த காத்துப் பம்பு, வெடிச்ச ரப்பர் குழாய் எல்லாத்தையும் எடுத்தாச்சு. நேத்து ஏத்தத்துல ஒரு எடத்துல கூட நிக்கல.”

“கலக்க மறந்துட்டா?”

“எஞ்சின் போயிரும்.”

அப்போது அவருடைய போன் அடித்தது.

“என்ன செல்வி? காரோட பசறை பெட்ரோல் ஷெட்லயா? பெட்ரோல் அடிச்சிட்டியா?” அவர் எழுந்தே விட்டார். “ஸ்டார்ட் பண்ணாத. எண்ணெய் இங்க என் கையில இருக்கு.”

மறுமுனையில் சொன்னதைக் கேட்டு மெல்ல உட்கார்ந்தார்.

“ஒன் தங்கச்சி என்ன சொல்லுது?”

“வண்டியில கெடந்த பழைய கேன்ல மிச்சம் இருந்த எண்ணெய அளந்து ஊத்திட்டுத்தான் பெட்ரோல் அடிச்சாளாம். நம்மள பசறையில எறங்கச் சொல்றா.” அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பசறையில் இருவரும் இறங்கி ஓடினார்கள். சிவப்புக் காரின் ஸ்டியரிங் பக்கக் கதவை அவர் திறக்கப் போனார். உள்ளே இருந்த பெண் நகரவில்லை. மற்றப் பக்கத்தைக் கையால் காட்டினாள்.