நேயோவை அழைத்தார்கள், யாரும் எழவில்லை

தலைமை வகிக்கும் ஊர்த்தலைவர் அவர்களே, போதகர் ஐயா அவர்களே, குளிருக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மானேயோ அம்மையாரின் அடக்கத்துக்குக் கூடிக் கலையாமல் அமர்ந்திருக்கும் ஹா லெபாலோ ஊர் மக்களே! மருத்துவ நிலையச் செவிலி லிமாகட்சோவின் வணக்கம்.

சற்றுமுன், "அம்மையாரின் பிள்ளை நேயோ பேசுவார்" என்று அறிவித்தார்கள். யாரும் எழவில்லை. நிகழ்ச்சி நிரலை எழுதிய அடக்கச் சங்கச் செயலாளர் வெளியூர்க்காரர். அவரைக் குறை சொல்லாதீர்கள். மானேயோ என்றால் நேயோவின் தாய். பெயரைப் பார்த்தார், பிள்ளையை எழுதிவிட்டார். மருமகள் வாசலை மிதித்த அன்றே, பிறக்கப்போகும் பிள்ளையின் பெயரால் அவளை அழைக்கத் தொடங்குகிறவர்கள் அல்லவா நாம்! பெயர் வந்தது, நேயோ வரவில்லை. கணவர் தங்கச் சுரங்கத்துக்குப் போனார், அவரும் வரவில்லை. நாற்பத்தோரு ஆண்டுகள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழைத்தோம்.

நான் மருத்துவ நிலையத்தில் வேலைக்கு வந்த முதல் நாள், ஊர் நலப்பணியாளரான அவர் மாத்திரை வாங்க வந்து நின்றார். "நேயோ என்ன படிக்குது அக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"அது இன்னும் பொறக்கவே இல்லடி! நீ ஏன் மூஞ்சியைத் தொங்கப்போடுற? மாத்திரையைக் குடு, குதிரை குளிர்ல நிக்குது."

அந்த மாத்திரைகள் யாருக்கு? மலை மேலே, ஆட்டுக் குடிசைகளில் காசநோயோடு இருமிக் கிடந்தவர்களுக்கு! பத்தொன்பது ஆண்டுகள், புதன்தோறும்! குதிரை செத்த பிறகு நடந்தே! கடைசி வரிசையில் நிற்கிறாரே ஆடு மேய்க்கும் தெலிசோ, அந்த நோயாளிகளில் ஒருவர், அவரைக் கேளுங்கள். "விழுங்கு. வாயைத் தொற. நாக்கைத் தூக்கு. என்னையே ஏமாத்தப் பாக்குறியா?" என்று அதட்டுவாராம். பிறகு தெலிசோ கிண்டிய சோளக்களியைத் தின்றுவிட்டு, உப்பில்லை என்று ஏசுவாராம்.

போன மாதம் அம்மையார் என்னிடம் கேட்டார்: "ஒரு புதன் என்கூட வாயேன்டி. பேச்சுத் துணைக்கு."

"முட்டி வலிக்குதுக்கா. அடுத்த வாரம் பாக்கலாம்."

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதே பதில். எனக்கு முட்டி வலியே கிடையாது, மக்களே! குளிருக்குச் சோம்பினேன். போன புதன், திரும்பும் வழியில் ஒரு பாறையடியில் உட்கார்ந்தவர் எழவில்லை. மறுநாள் தெலிசோதான் கண்டார். பை காலியாக இருந்தது. எல்லோருக்கும் கொடுத்து முடித்திருந்தார்.

பிள்ளையின் இடத்தில் நின்று பேச எனக்குத் தகுதியில்லை. உடன் வேலை செய்தவளாக மட்டும் உறுதி சொல்கிறேன். மானேயோ அம்மையாரே, வரும் புதன் நான் போகிறேன். அதற்கடுத்த புதனும் போவேன். உங்கள் நோயாளி ஒருவருக்குக்கூட ஒரு வேளை மருந்து தவறாது.

துணைக்கு யார் வருகிறீர்கள் என்று இன்று காலை எங்கள் ஊழியர்களைக் கேட்டேன். எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று.