ஆணியில் இரண்டு சாவிகள்

அந்த வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பால்வண்ணநாதனாகிய நான். என் மனைவி ஆவுடைத்தாய். என் தம்பி மகன் சந்தோஷ்குமார். திருநெல்வேலியிலிருந்து வந்த ஜெனி என்ற பெண். கடைச் சாவியைக் கொடுக்க வந்த துல்கர்னைன். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஜெனி காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றாள். இந்த வயதிலேயா என்று ஆவுடைத்தாய் வருத்தப்பட்டாள்.

இன்ஸ்பெக்டர் தம்பி, நீங்கள் வெளியூர். அதனால் சாவி விஷயத்தை விளக்குகிறேன். குற்றாலம் போகும் சாலையில், வீட்டை ஒட்டி எங்களுக்கு இரண்டு கடைகள். ஒன்றில் துல்கர்னைன் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்றார். அடுத்ததில் அருமைநாயகம் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறார். கடையைப் பூட்டினால் சாவி எங்கள் வீட்டு ஆணிக்கு வந்துவிட வேண்டும். என் அப்பா காலத்து வழக்கம். அந்த ஆணியில் சாவி தொங்கும்போது கடையில் ஒரு பழம்கூடக் காணாமல் போனதில்லை. எங்கள் குடும்பப் பெயர் என்பது அதுதான்.

ஜெனி, வெறுப்பு இயக்கங்களில் சிக்கும் பிள்ளைகளை மீட்கும் ஓர் அமைப்பில் வேலை பார்ப்பவள். அதைக் கேட்டு துல்கர்னைன் சிரித்தார்.

"இந்த வீட்டுல சாவி கூட வழி மாறிப் போவாது தங்கச்சி. பிள்ளையளா போவும்?" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பினார்.

சந்தோஷும் எழுந்து உள்ளே போன பிறகு ஜெனி குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, தம்பி ஒரு குரூப்புல இருக்காரு. அங்கன நடக்குதது வெறும் பேச்சு இல்ல. இப்பமே பேசுனா கேஸ் இல்லாம திருப்பிரலாம்."

"எங்க வீட்டுப் பிள்ளைக்குப் புத்தி சொல்ல வெளியாளு வேண்டாம்மா. காபிய ஆறவிடாத."

"ஒருக்கா பேசட்டுமே. என்ன கொறஞ்சிரப் போவுது?" என்றாள் ஆவுடைத்தாய். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, தோப்பு பம்புசெட் அறையில் அந்தப் பையைப் பார்த்தேன். அதில் இருந்ததை விவரிக்க மாட்டேன். பாறை உடைத்துக் கிணறு வெட்டியவன் நான். வெடியைப் பார்த்தால் தெரியும். சந்தோஷைக் கூப்பிட்டு, "ஏலே, இது யாருக்கு?" என்று கேட்டேன்.

"வாற வாரம் தர்கால கந்தூரில்லா பெரியப்பா. கூட்டம் கும்மும்." கல்யாணப் பந்தியைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னான்.

கன்னத்தில் ஒன்று வைத்தேன். தகப்பன் இல்லாத பிள்ளை. அதுவரை நான் கை நீட்டியதில்லை.

பையைக் கிணற்றில் போட்டிருக்கலாமே என்றீர்கள். போட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் வீடு வரைக்கும் வந்துபோய்விட்டாள். அவளுக்குப் பின்னால் நீங்கள் வருவீர்கள். வருகிறவர்களுக்குத் தேடியது கிடைக்க வேண்டும். எங்களிடம் கிடைக்கக் கூடாது. இதில் யோசிக்க அதிகம் இல்லை.

வீட்டுக்கு வந்தேன். ஆணியில் இரண்டு சாவிகளும் இருந்தன. தொழுகைக்குப் போகும் அவசரத்தில் துல்கர்னைன் முதலில் மாட்டியிருந்தார். அதன்மேல் அருமைநாயகத்தின் சாவி. மேலே இருந்ததைக் கழற்றி இடது கையில் வைத்துக்கொண்டு, அடியில் இருந்ததை எடுத்தேன். மேலே இருந்ததைத் திரும்ப மாட்டினேன். பழப்பெட்டிகளுக்குப் பின்னால் பையை வைத்துப் பூட்டி, சாவியைப் பழையபடி அடியில் போட்டேன்.

தொழுகை முடிந்து வந்த துல்கர்னைன், "அண்ணாச்சிக்குன்னு நல்ல பழமா எடுத்து வச்சிருக்கேன்" என்றார். கொண்டுவரச் சொன்னேன். மங்குஸ்தான் அந்த வருஷம் நல்ல ருசி. தின்று கை கழுவிவிட்டு, என் பெயரைச் சொல்லியே உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். நான் சொன்னால் உங்கள் ஆட்கள் மறுகேள்வி கேட்பதில்லை.

உங்கள் ஆட்கள் துல்கர்னைனைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, அவர் மனைவி சாஜிதா வந்து வாசலில் நின்றாள். "அண்ணாச்சி, அவுக எப்படிப்பட்ட ஆளுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? ஒரு வார்த்த சொல்லுங்க. பிள்ளையள வெளிய அனுப்ப முடியல."

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றேன். கடையைக் காலி செய்யவும் சொன்னேன். அப்படி ஒரு பெயர் விழுந்த கடையை எங்கள் கட்டிடத்தில் வைத்திருக்க முடியாது.

சந்தோஷ் அன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நீங்க நம்ம ஆளுன்னு இத்தன நாளு தெரியாமப் போச்சே பெரியப்பா" என்றான். எழுந்து போடா என்றேன். சிரித்துக்கொண்டே போனான். அதற்குப் பிறகு அவன் பம்புசெட் அறையைப் பூட்டிக்கொள்ளக்கூட இல்லை. போன வாரம் இரண்டாவது பை அவன் கையிலேயே வெடித்தது. வலது கை போய்விட்டது. ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் அவன் சொன்னதால்தான் நீங்கள் என் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆவுடைத்தாய் கீழப்பாவூரில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

எழுதிக்கொள்ளுங்கள். முதல் பை என் தம்பி மகனுடையது. கடையில் வைத்தது நான். துல்கர்னைனுக்கு ஒன்றும் தெரியாது. கந்தூரி ஒரு குறையும் இல்லாமல் நடந்தது, அதையும் எழுதுங்கள். அந்தப் பெண் செய்ய வந்த வேலையைச் செய்தவன் நான். யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

துலுக்கன் என்பதால்தான் அவர் கடையில் வைத்தேன் என்று ஊருக்குள் ஒரு பேச்சு ஓடுகிறது. அது தவறு. கைக்கு முதலில் பட்ட சாவியை எடுத்தேன்.