மஞ்சள் சுடர்

— தொடாதீங்க ஹெட்லி, இப்பத்தான் அணைச்சேன். கதவு தொறந்தே இருக்கட்டும்.

— கடல்காத்து நேரா கேரவனுக்குள்ள வருது, கண்ணு. அப்படி என்னத்தக் கண்டே? அறுபத்தெட்டாம் வருஷத்து கேஸ் கணப்பு. ஆறு மாசம் உக்காந்து நானே கழட்டி மாட்டினது. குரோமைப் பாரு, மொகம் பாத்துக்கலாம்.

— பளபளப்புக்கு நான் கேஸ் பாதுகாப்புச் சான்றிதழ் தர்றதில்ல. சுடர் ஏன் மஞ்சளா எரியுது?

— அது நான் வச்சது. நீலமா எரிஞ்சா என் பொண்டாட்டி மேவிஸுக்குப் பிடிக்காது, "பொணம் வச்ச ரூம் மாதிரி இருக்கு"ம்பா. சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பொண்ணு, கரி நெருப்பு முன்னால வளந்தவ. அதான், காத்து போற ஓட்டையைக் கொஞ்சம் அடைச்சேன். பாத்துட்டுக் கை தட்டினா, தெரியுமா?

— காத்தை அடைச்சா கேஸ் முழுசா எரியாது. விஷவாயு வரும். வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது.

— அதுக்குத்தான் புகைக்குழாய் இருக்கே!

— குழாய் சேர்ற இடத்துல புகை கசியாம அடைக்கிற கயிறு மண்ணா உதிர்ந்து கெடக்கு. தரையில இருக்கிற காத்துத் துவாரத்துல டேப்பு.

— எலி வருதே. இந்தக் கேரவன் முகாம்ல யார்தான் ஒட்டல?

— தெரியும். வருஷா வருஷம் வெளியிலேர்ந்தே பிச்சுப் போட்டுட்டுத்தான் போறேன், இந்தக் கணப்பை இன்னிக்குத்தான் காட்டறீங்க. நான் போனதும் திரும்ப ஒட்டிடறீங்க.

— சரி, திட்டாதே. எல்லாத்தையும் சரி பண்ணிட்டு சான்றிதழ் குடு, ஜோனி. லீட்ஸ்லேர்ந்து இதை வாங்க ஆள் வருது. அவ போனப்பறம் எனக்கு எதுக்குக் கேரவன்?

— எரிஞ்சப்போ விஷவாயு மீட்டர் மெதுவாத்தான் ஏறிச்சு. ஒரே நாள்ல ஆளைக் கொல்லாது, கொஞ்சம் கொஞ்சமா மூளையைத் தின்னும். ரெண்டு குளிர்காலம் இதுக்குள்ள படுத்த மனுஷன் எப்படி இவ்வளவு தெளிவாப் பேசறீங்க?

— நான் எங்க உள்ள படுத்தேன்? வாசலை ஒட்டிப் போட்ட வெளிக் கூடாரத்துல, நாயோட.

— ஏன்?

— அவளுக்குத்தான் மறதி வந்துடுச்சே. ராத்திரி முழிச்சா, "யாருடா நீ, வெளிய போ"ன்னு அலறுவா. நாப்பத்தி நாலு வருஷம் குடும்பம் நடத்தினவ. பயந்து சாகறாளேன்னு நானே வெளிய போயிடுவேன். தலைவலின்னு வேற அழுவா. கணப்பை மட்டும் விடிய விடிய எரிய விடுவேன், குளிரக் கூடாதில்ல?

— மறதி எப்ப ஆரம்பிச்சுது, ஹெட்லி?

— இதை மாட்டின வருஷம்... ஏன் உக்காந்துட்டே? வயசுக் கோளாறுன்னுதான் சொன்னாங்க. பிப்ரவரியில தூக்கத்துலயே போயிட்டா.

— நடுவுல எப்பவாவது தெளிஞ்சு பேசினாங்களா? வேற எங்கயாவது தங்கினப்போ? இல்ல, விடுங்க. கேட்டிருக்கவே கூடாது.

— இடுப்பெலும்பு முறிஞ்சு மூணு வாரம் ஆஸ்பத்திரியில இருந்தா.

— வேணாம் ஹெட்லி, சொல்லாதீங்க.

— மூணாவது வாரம் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா, ஜோனி. "ஹெட்லி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ"ன்னா. அன்னிக்குச் சாயங்காலமே கூட்டிட்டு வந்து, மொத வேலையா இதைத்தான் பத்த வச்சேன்.