வங்கி விலாசத்துக்கு வந்த கடிதம்

பனிக்காலத்தில் வாசற்படியைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கழுவினால் பத்து நிமிடத்தில் படி உறைந்துவிடும். அடுத்து வருகிறவர் இடுப்பை உடைத்துக்கொள்வார். வங்கியில் நான் கற்ற முதல் பாடம் அதுதான். முகாமையாளர் ஸ்டுக்கி என் கையில் உப்பு வாளியைத் தந்துவிட்டு, சுடுதண்ணீர் கோப்பிக்கு மட்டும் என்று சொன்னார்.

மனோகரியக்கா, இந்தப் பக்கத்தை ஜெர்மனில் மாற்றப்போவது நீங்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். எங்கள் வங்கியை நகரத்துப் பெரிய வங்கி ஒன்று வாங்கிவிட்டது. வருகிற தை மாதம் பெயர்ப்பலகை இறங்குகிறது. அதற்கு முன் வங்கியின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் எழுத வேண்டும், சொந்த மொழியிலும் எழுதலாம் என்றார்கள். மொழிபெயர்க்கத் தில்லைநாதன் மாஸ்டரிடம் கொடுக்கவா என்று கேட்டபோது, வேண்டாம், மனோகரியக்காவிடமே கொடுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

வரலாறு என்று பெரிதாக ஒன்றுமில்லை. தொண்ணூற்றெட்டு வருடங்களுக்கு முன் முப்பத்தேழு விவசாயிகள் ஒரு விடுதியில் கூடித் தொடங்கியது. முதல் இரும்புப் பெட்டி பால் வண்டியில் வந்து இறங்கியதாம். சமவெளியில் நாலு கிளைகள். நாலும் பால் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில். மாலையில் பாலைக் கொடுத்துவிட்டுச் சேற்றுச் சப்பாத்தோடு வந்து சேமிப்புப் புத்தகத்தை நீட்டுவார்கள். பிள்ளைகள் நகரத்துக்குப் போகப் போக மாடு குறைந்தது, புத்தகமும் குறைந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த எண்பத்தைந்தில் மூன்று கிளைகளை மூடிவிட்டார்கள். தலைமையகத்தை விட்டால் மிஞ்சியது எங்கள் கிராமத்துக் கிளை.

அதைப் பிழைக்க வைத்தது எங்கள் சனம். விடுதியை அகதி முகாமாக்கிய பிறகு, உணவகங்களில் கோப்பை கழுவுகிறவர்கள் சம்பளத்தைக் காலுறைக்குள் வைத்துத் திரிவதை ஸ்டுக்கி கண்டார். வாளியை வாங்கி வைத்துவிட்டு என்னைக் கவுண்டரில் நிறுத்தினார். நான் கதைத்தேன், சனம் புத்தகம் திறந்தது.

கடிதமும் அப்படித்தான் வந்தது. இன்று ஒரு முகாம், நாளை வேறு முகாம் என்று ஆட்களை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஊருக்கு எந்த விலாசத்தைக் கொடுப்பது? எல்லோரும் வங்கி விலாசத்தையும் என் பெயரையும் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை பெயர் கூப்பிட்டுக் கொடுப்பேன். நீர்தான் எங்கட தபால்கந்தோர் என்று நீங்களே பகிடி பண்ணியிருக்கிறீர்கள்.

எண்பத்தேழு பங்குனியில் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. ஆனி மாதப் பங்குதாரர் கூட்டத்தில் நூறு சேமிப்புப் புத்தகமாவது காட்ட வேண்டும், இல்லாவிட்டால் கிளை மூடப்படும். என் அகதி மனுவுக்கு முதல் மறுப்பு வந்து அப்போது மூன்று மாதம். கிளை பிழைத்தால் என்னை நிரந்தரமாக்கி, விசா கொடுக்கும் வெளிநாட்டவர் பொலிசுக்குத் தானே கடிதம் எழுதுவதாக ஸ்டுக்கி சொன்னார். கிளை போனால் நானும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

எங்களிடம் நூற்று நாலு புத்தகங்கள் இருந்தன. சித்திரையில் நாலு பேர் மூடினார்கள். நாலு பேருக்கும் அதற்கு முந்தின வெள்ளி ஊரிலிருந்து கடிதம் வந்திருந்தது: ஏஜென்ட் காசு கேட்கிறான், பெடியனை வெளிநாட்டுக்கு எடுக்க வேண்டும். அதன் பிறகு வந்த கடிதங்களை நான் கோப்பிக் கேத்தலின் ஆவியில் பிடித்துத் திறந்தேன். நலம் விசாரித்தவற்றைத் திரும்ப ஒட்டிக் கொடுத்தேன். காசு கேட்டவற்றை மேசை லாச்சிக்குள் போட்டேன். களவு என்று நினைக்கவில்லை. கூட்டம் முடியக் கொடுக்கத்தான் போகிறேன், ஊர்த் தபால் பிந்துவது அந்த நாளில் புதினமுமில்லை. அப்படிப் பதினொரு கடிதங்கள் சேர்ந்தன.

பதினோராவது உங்கள் அம்மா இரத்தினம்மா எழுதியது. கொழும்பால் அனுப்ப ஆள் கிடைத்திருக்கிறது, வைகாசி இருபதுக்குள் காசு வேண்டும் என்று இருந்தது. "பிள்ளை, ஆமி வரப்போகுது எண்டு சனம் கதைக்குது. சச்சிதானந்தனை இஞ்ச வைச்சிருக்கப் பயமாக் கிடக்கு." மூன்று தரம் வாசித்தேன். உங்கள் புத்தகத்தில் அதற்குப் போதுமான காசு இருந்தது. அதை எடுத்துப் புத்தகத்தை மூடினால் நூறு தொண்ணூற்றொன்பதாகிவிடும்.

அந்த வெள்ளி வந்து கடிதம் இருக்கோ என்று கேட்டீர்கள். இல்லை அக்கா என்றேன். அடுத்த வெள்ளியும் கேட்டீர்கள். அதற்கடுத்த வெள்ளியும்.

வைகாசிக் கடைசியில் இராணுவம் உங்கள் ஊர்ப் பக்கம், வடமராட்சிக்குள் இறங்கியது. பெடியங்களைப் பிடித்துக் கப்பலில் தெற்கே கொண்டுபோனார்கள். பிறகு பலர் திரும்பினார்கள். உங்கள் தம்பி சச்சிதானந்தன் திரும்பவில்லை.

ஆனியில் கூட்டம் நடந்தது. ஸ்டுக்கி எழுந்து என் பெயரைச் சொன்னார், எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த வெள்ளி பத்துக் கடிதங்களைக் கொடுத்தேன். உங்களுடையதைக் கையில் எடுத்தேன், கொடுக்க முடியவில்லை. பிறகு ஆடியில் உங்கள் அம்மாவின் அடுத்த கடிதம் யாரோ கையில் வந்தது. நான் சோறு கொண்டுவந்தபோது நீங்கள் அடுப்பு மூட்டி மூன்று நாள்.

"அம்மா காசு கேட்டு எழுதினவவாம், ஜெகன். எனக்கு வரேல்லை," என்றீர்கள். நான் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தேன். நீங்களே தொடர்ந்தீர்கள்: "உது சிலோன் தபால். ஆரை நோகிறது?"

என்னைத்தான் நோக வேண்டும், அக்கா. அன்று அதைச் சொல்லாமல், சோற்றைப் போட்டுத் தந்து, நீங்கள் சாப்பிடும்வரை பக்கத்தில் இருந்தேன். சோறு போட்ட என் கையைப் பார்க்க இன்றும் கூசுகிறது. வேலியே பயிரை மேய்ந்தது என்று ஊரில் சொல்வார்கள். மேய்ந்தது நான்தான். காசு போயிருந்தாலும் ஏஜென்ட் ஏமாற்றியிருப்பான், தம்பி கொழும்பில் பிடிபட்டிருப்பான் என்று இரண்டு வருடமாக எனக்கே சொல்லிக்கொண்டு படுக்கிறேன். எனக்கு விசா கிடைத்தது. வங்கியை வாங்கியவர்கள் கிளையை இப்போது எப்படியும் மூடுகிறார்கள்.

வங்கிக்காரர் கேட்டது ஒரு பக்கம். எந்த இடத்தோடு நிறுத்தி அவர்களுக்குக் கொடுப்பது என்பதை நீங்களே தீர்மானியுங்கள். கடிதம் இத்துடன் இருக்கிறது. ஏன் எரிக்கவில்லை என்று கேட்பீர்கள். ஒருவர் பொருள் நம் கையில் இருந்தால் அதற்குச் சேதம் வரக் கூடாது என்பது வங்கியில் நான் கற்ற இரண்டாவது பாடம். அதற்கென்றே இரும்பறையில் ஒரு பெட்டி எடுத்தேன், வாடகையை என் சம்பளத்திலிருந்து கட்டினேன். விரித்துப் பாருங்கள் அக்கா, ஓர் எழுத்துக்கூட மங்கவில்லை.