கடைக்கு மேலே பன்னிரண்டு மாடி

கொல்கத்தா எஸ்பிளனேடில் டிராம் ஏறி உட்கார்ந்ததும் முன்னிருக்கையில் தமிழ் கேட்டது. துணிக்கடைச் சீருடைப் புடவையில் இரண்டு பெண்கள், நாளெல்லாம் நின்று களைத்த முகத்தோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நம்ம கடைக்கு மேல பன்னிரண்டு மாடி ஆபீஸ் கட்டப் போறாங்களாம்."

"கீழ நாம ஈ ஓட்டறோம். மேல யாரு வரப்போறா?"

"கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்க. அவங்க வந்து வாங்கினா கடை பிழைச்சுக்கும்னு மேனேஜர் பாபு சொல்றார்."

"அவங்க எதுக்குடி கடைக்குள்ள வரணும்? தெருவிலேர்ந்து நேரா லிஃப்ட்ல ஏறிப் போயிடுவாங்க."

இளையவள் கையிலிருந்த டிராம் டிக்கெட்டை மடித்தாள்.

"அந்த லிஃப்ட்டுக்குத்தான் இடம் வேணுமாம். நம்ம புடவை கவுண்டரை எடுக்கச் சொல்லிட்டாங்க. நீங்க சாப்பிடப் போனப்ப சொன்னாங்க."

"நம்மள எங்க நிக்கச் சொன்னாங்க?"

"அதை யாரும் சொல்லலை அக்கா."