அம்சா அடிச்சிகினு வந்த மொட்டை

...இன்னா சிஸ்டர் நீங்க, போன்ல கொஞ்சம் பதமா சொல்லக்கூடாதா? "அம்சாவா? கேம்ப்ல பாத்தோமே, மாருல கட்டி கீது, ஒடனே ஆஸ்பத்திரிக்கு வா"ன்னா அவ இன்னா பண்ணுவா? எங்க நாத்தனாரு சும்மாவே குதிப்பா. அம்மையார்குப்பத்துல தறியெல்லாம் நிறுத்திட்டு தெருவே வந்து நின்னுச்சி. எங்க ஊட்டுக்காரரு தங்கச்சிய கட்டிப்புடிச்சிகினு அழுவறாரு. கட்டிகினு வந்து இருவத்திநாலு வருசமாவுது, எனக்காவ ஒரு நாளு அழுதிருப்பாரா?

அழுதுட்டு நேரா இங்க வந்தாளா? இல்லியே. மலைக்குப் போயி மொதல்ல முருகனுக்கு மொட்ட போட்டுகினா. இடுப்பு வரிக்கும் முடி, சிஸ்டர். அத்த காட்டியே என்ன எவ்ளோ எளப்பமா பேசியிருக்கா... அதோ, பெஞ்சுல சந்தனம் பூசிகினு குந்திகினு கீறா பாருங்க. காலைல டாக்டரம்மா பாத்துட்டு கட்டியே இல்லன்னுட்டாங்க. முருகன் கரைச்சிட்டாராம். போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் அதான் கதை.

இன்னா, என் மூஞ்சியே பாக்கறீங்க? ஆங், எங்கியோ பாத்த மாதிரி தான் இருக்கும். போன மாசம் கேம்ப்ல உங்க கையால பாத்தது என்னைத்தான்.

கொஞ்சம் ஓரமா வாங்க. எம் பொண்ணு கவிதாவ பொதட்டூர்பேட்டையிலருந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. அம்மாவுக்குக் கட்டின்னா பொண்ணுக்கும் வரும்பாங்க, எடம் தட்டிப்போவும். அதான் பேரு கேக்கசொல்லோ அவ பேரையும் நம்பரையும் குடுத்துட்டேன். கூப்புட மாட்டீங்கன்னு நெனச்சேன். சரி, கூப்புட்டா அவ கொஞ்சம் ஆடிப்போவட்டும்னும் நெனச்சேன், பொய் சொல்லுவானேன். அவளும் அன்னிக்கி அதே கேம்ப்ல சுகரு பாத்துகினு போனவ, அதான் போன் வந்ததும் நம்பிட்டா. மொட்ட போடுவான்னு யாரு கண்டா?

இன்னொண்ணும் கீது. சொந்தத்துல யாருக்காவது வந்திருக்குதான்னு கேட்டீங்க, இல்லன்னேன். அது அவ பேருல, அவ குடும்பத்துக்கு சொன்னது. எங்கம்மா அதுல தான் போச்சி, என் வயசுல. கடசி வரிக்கும் யாருகிட்டயும் காட்டல.

சின்னதா இருக்கசொல்லோ வந்தா சரி பண்ணிடலாம்னீங்களே... ஒரு மாசம் ஓடிப்போச்சி, சிஸ்டர். தெனம் குளிக்கசொல்லோ தொட்டுப் பாக்கறேன். கரையல. பயமா கீது.

புது சீட்டு போடுங்க. யோகலட்சுமி, நாப்பத்தாறு.

ஐயோ, எழுந்து வராளே... வரட்டும். திட்டட்டும். உள்ள போவசொல்லோ என் கூட வர்றதுக்கு அவள வுட்டா எனக்கு யாரு கீறா?